மருந்தூசியும் தாதியர் கையும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் வைத்தியன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நோயாளியின் பக்கத்திலிருந்து அம்மருந்தை முறைப்படி கொடுப்பவன் ஒரு கூறு. முதல் மூன்றின் பெருமையை உலகம் நன்கறியும். புதிய மருந்து கண்டவனுக்குப் பட்டமும் பரிசும் கிடைக்கின்றன. நோய் தீர்த்த வைத்தியனை ஊரே கொண்டாடுகிறது. நான்காவதாக நிற்பவனைப் பற்றி மிகுதியாகப் பேசுவாரில்லை. ஆயினும், மருந்தை ஊசி வழியாக உடலுட் செலுத்தும் வழக்கம் தோன்றிய பின்னர், இந்த நான்காங் கூறு தவறினால் மருந்தே நஞ்சாகிவிடக்கூடும் என்பதை வரலாறு பன்முறை காட்டியிருக்கிறது. அவ்வரலாற்றின் சில பகுதிகளை ஈண்டு நோக்குவோம்.

வாயால் உட்கொள்ளும் மருந்துக்கும் ஊசியால் ஏற்றும் மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும். உடலுக்கு இயற்கை எழுப்பிய மதில் தோல். வாய்வழி செல்லும் பொருளை இரைப்பையின் அமிலம் எதிர்கொள்கிறது. கிருமிகள் பலவற்றை அது அழித்துவிடுகிறது. ஒவ்வாத பொருளை வாந்தியாக வெளியேற்றவும் உடல் அறியும். ஊசியோ மதிலைத் துளைத்து நேரே தசையினுள்ளும் குருதியினுள்ளும் சென்றுவிடுகிறது. மருந்து மட்டுமா செல்கிறது? ஊசியின் நுனியில் ஒட்டியிருப்பதும், குழலின் உட்சுவரில் எஞ்சியிருப்பதும், ஊசி போடுபவரின் விரலிற் படிந்திருப்பதும் அதனுடன் செல்லக்கூடும். அவ்வாறு சென்றதை மீட்டெடுக்க வழியில்லை. ஆகவே ஊசி போடுபவருடைய கவனமே நோயாளிக்கு இரண்டாவது மதிலாக அமைகிறது.

இக்கருவியின் பிறப்பு மிகப் பழைமையானதன்று. அயர்லாந்தின் டப்ளின் நகரத்து மீத் வைத்தியசாலையில் பிரான்சிஸ் றிண்ட் என்னும் வைத்தியர், 1844 ஆம் ஆண்டு, முகத்து நரம்பு வலியால் நெடுநாள் வருந்திய ஒரு பெண்மணிக்குத் தோலின் கீழ் மோபியாவைச் செலுத்தி வலியைத் தணித்தார். அவர் கையாண்ட கருவியில் மருந்தை உந்தும் தண்டு இருக்கவில்லை; மருந்து தன் பாரத்தால் தானே உள்ளிறங்கியது. 1853 ஆம் ஆண்டில், ஒருவரையொருவர் அறியாத இருவர் உந்துதண்டு உள்ள குழலைப் பயன்படுத்தலாயினர். ஒருவர் பிரான்சு தேசத்து லியோன் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் பிரவாஸ். மற்றவர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த அலெக்சாந்தர் வூட். தாம் செலுத்தும் மோபியா ஊசி குத்திய இடத்து நரம்பிலேயே வேலை செய்கிறது என்று வூட் எண்ணினார். எங்கே குத்தினாலும் மருந்து குருதியோடு கலந்து உடல் முழுவதும் பரவுகிறது என்பதைச் சில ஆண்டுகளில் இலண்டன் நகரத்துச் சார்ள்ஸ் ஹண்டர் எடுத்துக்காட்டினார். ஊசியின் வலிமையும் அதன் ஆபத்தும் ஒருங்கே அடங்கியிருப்பது இவ்வுண்மையில்தான். ஓரிடத்திற் குத்துவது உடல் முழுவதையும் ஆளும்.

தொடக்ககாலத்து ஊசிக்குழல்களில் உந்துதண்டின் முனையிலே தோல் முதலியவற்றாலான அடைப்பு இருந்தது. கொதிநீரிலிட்டால் அது கெட்டுவிடும். ஆதலின் அக்குழல்களைச் செம்மையாகத் தூய்மை செய்ய இயலவில்லை. அக்காலத்தார் அதனைப் பெருங்குறையாகக் கருதவுமில்லை. கிருமிகளால் நோய் வரும் என்னும் அறிவு அப்போது வேரூன்றியிருக்கவில்லை. பாஸ்டர், கொக் முதலிய அறிஞர்களின் ஆராய்ச்சி பரவிய பின்னரே கருவியைக் காய்ச்சித் தூய்மை செய்யும் முறை நிலைபெற்றது. தண்டும் குழலும் கண்ணாடியாலேயே அமைந்து, முழுவதையும் கொதிநீரிலிடத் தக்கதான குழலை 1894 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து லூவர் நிறுவனத்தார் ஆக்கினர். அதன் பின் பல தலைமுறைக் காலம், வைத்தியசாலைகளில் தாதியர் நாள்தோறும் கொதிக்கும் நீரிலிருந்து இடுக்கியால் எடுத்துப் பொருத்தியது இவ்வகைக் கண்ணாடிக் குழலையேயாகும்.

கருவி திருந்தியது, கிருமியைப் பற்றிய அறிவும் வளர்ந்தது. எனினும் அறிவு புத்தகத்தில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. இதனை உலகுக்கு உணர்த்திய துயர நிகழ்ச்சி ஒன்று 1902 ஆம் ஆண்டு பஞ்சாப் நாட்டில் நடந்தது.

1896 ஆம் ஆண்டில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பம்பாய் நகரிற் புகுந்தது. உருசிய நாட்டின் ஒடெசா நகரிற் பிறந்து, பாரிஸ் பாஸ்டர் நிலையத்திற் பயின்று, கொலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டு, அதனை இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர்க்கு ஏற்றிவந்த வால்டெமார் ஹாவ்கின் என்னும் அறிஞரை அரசாங்கம் பம்பாய்க்கு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியிற் கிடைத்த சிறிய இடத்தில் அவர் வேலை தொடங்கினார். சில மாதங்களுள் தடுப்பு மருந்தை ஆக்கி, 1897 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆந் திகதி அதனை முதன்முதலாகத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். பிறருக்குக் கொடுக்குமுன் தாம் ஏற்றுப் பார்த்த அப்பெருந்தகையின் ஆய்வுகூடம் பின்னர் பரேல் என்னுமிடத்திற்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து இந்தியா முழுவதற்கும் மருந்து அனுப்பப்பட்டது.

1902 ஆம் ஆண்டு பிற்பகுதியில் பஞ்சாபில் நோய் கடுமையாகப் பரவியது. கிராமம் கிராமமாகத் தடுப்பூசி ஏற்ற அரசாங்கம் திட்டமிட்டது. ஒக்டோபர் 30 ஆந் திகதி, இன்று பாகிஸ்தானிலுள்ள மல்கோவால் என்னும் ஊரில் 107 பேருக்கு ஊசி ஏற்றப்பட்டது. சுமார் ஒரு வாரத்தின் பின் அவர்களுள் 19 பேருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லென வளைந்தது. அஃது ஏற்புவலி. பத்தொன்பதின்மரும் இறந்தனர். அனைவரும் ஒரே போத்தலிலிருந்து மருந்து பெற்றவர்கள். அதன் இலக்கம் 53 என். ஏனைய போத்தல்களிலிருந்து மருந்து பெற்றவர்களுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

ஏற்புவலிக் கிருமி மண்ணில் வாழ்வது. 1884 ஆம் ஆண்டில் நிக்கொலையர் என்னும் ஜெர்மானிய அறிஞர் மண்ணிலே இதனைக் கண்டார். 1889 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ இதனைத் தனியே பிரித்து வளர்த்தார். இக்கிருமி, வித்தி என்னும் தடித்த உறை பூண்டு புழுதியில் ஆண்டுக்கணக்காக உறங்கவல்லது. வெயிலில் உலர்ந்தாலும் சாவதில்லை. கிருமிகொல்லி நீரிற் சற்றே தோய்த்தெடுத்தாலும் அழிவதில்லை. காற்றுப் படாத ஆழத்துள் அது சென்றுவிட்டால் விழித்தெழுந்து நஞ்சு கக்கும். அத்தகைய கிருமி 53 என் போத்தலுள் எவ்வாறு புகுந்தது?

பம்பாய்ப் பிரதம நீதியரசராயிருந்த சேர் லோறன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையில் ஆணைக்குழு ஒன்று விசாரித்தது. போத்தல் திறக்கப்படுமுன்னரே, பரேல் ஆய்வுகூடத்திலேயே மாசு கலந்திருத்தல் வேண்டும் என்று அது முடிவு செய்தது. மருந்தை விரைவாகவும் மிகுதியாகவும் ஆக்கும் பொருட்டு ஹாவ்கின் முன்னர் சேர்த்துவந்த காபோலிக் அமிலத்தை விட்டு வெப்பத்தினாலேயே தூய்மை செய்யும் முறையைக் கைக்கொண்டிருந்தார். அம்மாற்றமே அவருக்கெதிரான குற்றச்சாட்டாயிற்று. அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டு இலண்டன் சென்றார். தம் உடலையே முதற் சோதனைக்கு ஈந்தவர்மீது பத்தொன்பது உயிர்களின் பழி சுமத்தப்பட்டது.

ஆயினும் விசாரணை ஏடுகளுக்குள்ளேயே வேறொரு செய்தி கிடந்தது. ஊசி ஏற்றிய அன்று, போத்தலின் அடைப்பை எடுக்கும் இடுக்கி உதவியாளர் ஒருவரின் கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. அவர் அதனை எடுத்து, நெருப்பிற் காட்டாமலும் கொதிநீரிலிடாமலும், காபோலிக் நீரில் அலசிவிட்டு அதனாலேயே 53 என் போத்தலின் அடைப்பைத் திறந்தார். மற்றுமொரு சான்றும் இருந்தது. போத்தலைத் திறந்த வைத்தியர் முகர்ந்து பார்த்தபோது தீய நாற்றம் எதுவும் இருக்கவில்லை. அம்மருந்து போத்தலிலிடப்பட்டுப் பல வாரங்கள் கழிந்திருந்தன. ஆய்வுகூடத்திலேயே கிருமி புகுந்திருந்தால் அத்தனை நாளில் அது பெருகி, திரவம் நாறியிருக்கும் அன்றோ? மலேரியா ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற சேர் ரொனால்ட் றொஸ் இச்சான்றுகளை எடுத்துக்காட்டி வாதாடினார். 1907 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் உட்பட அறிஞர் பதின்மர் கையொப்பமிட்ட கடிதம் இலண்டன் ரைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் அரசாங்கம் ஹாவ்கினை மீண்டும் சேவைக்கு அழைத்தது. பரேல் ஆய்வுகூடம் 1925 ஆம் ஆண்டில் ஹாவ்கின் நிலையம் எனப் பெயர் பெற்றது. நீதி கிடைத்தது, ஆனால் காலந்தாழ்த்துக் கிடைத்தது.

இடுக்கியை நழுவவிட்டவர் கொடியவரல்லர். ஊர் மக்கள் திரண்டு நிற்கின்றனர், பொழுது போகிறது, அடுத்த ஊரும் காத்திருக்கிறது. ஒரு கருவி கீழே விழுகிறது. மீண்டும் காய்ச்சுவதற்குச் சில நிமிடம் ஆகும். மருந்து நீரில் அலசினாற் போதாதோ என்று மனம் சொல்கிறது. பார்வைக்கு அக்கருவி தூய்மையாகவே இருக்கிறது. இத்தகைய நிலைமை உலகத்து வைத்தியசாலைகள் அனைத்திலும் நாள்தோறும் எழுகின்றது. கண்ணுக்குத் தூயதாகத் தோன்றுவது வேறு, கிருமியற்றது வேறு என்பதை மல்கோவால் உணர்த்தியது. கீழே விழுந்த கருவியைத் தூய்மை செய்யாமல் தொடலாகாது என்று தாதியர் பாடசாலையிற் கற்பிக்கும் எளிய விதியின் பின்னால் இத்தகைய சாவுகள் நிற்கின்றன.

மண்ணிலிருந்து ஊசிக்கு வரும் கிருமியை மல்கோவால் காட்டிற்று. மனிதனிலிருந்து மனிதனுக்கு ஊசி வழியே செல்லும் கிருமியை உணர்வதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1910 ஆம் ஆண்டில் பவுல் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் மேகநோய்க்குச் சல்வர்சான் என்ற மருந்தை வழங்கினார். அது பாடாணச் சத்துச் சேர்ந்தது. நோயாளிக்கு வாரந்தோறும் நாளத்தில் ஏற்றப்படுவது. சிகிச்சை நிலையங்களில் வரிசையாக நிற்பவர்களுக்குச் சில குழல்களைக் கொண்டே அடுத்தடுத்து ஊசி போடப்பட்டது. சில மாதங்களின் பின் அவர்களுட் பலருக்குச் செங்கண்மாரி கண்டது. பாடாணம் ஈரலைக் கெடுத்தது என்று நெடுங்காலம் மருந்தின்மேற் பழி கூறப்பட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய வைத்தியர் சிலர் குழலின்மீது ஐயங்கொண்டனர். ஒவ்வொருவருக்கும் தூய்மை செய்த தனிக் குழலையும் தனி ஊசியையும் பயன்படுத்தியபோது செங்கண்மாரி குறைந்தது. மருந்து குற்றமற்றது; ஒருவர் குருதியிலிருந்த வைரசை மற்றவர் குருதிக்குக் கொண்டுசென்றது குழலே என்பது தெளிவாயிற்று.

அக்காலத்தில் ஊசியை மட்டும் மாற்றினாற் போதும், குழலை மாற்ற வேண்டியதில்லை என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. ஊசியைக் குழலிலிருந்து கழற்றும்போது அதனுள் இருக்கும் துளி குழலுக்குள் உறிஞ்சப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த அளவு குருதியே நோயைப் பரப்பப் போதுமானது. ஊசியை மாற்றியவர் தம் கடமையைச் செய்துவிட்டதாகவே நம்பியிருப்பார். அரைகுறை விதி சில வேளைகளில் விதியின்மையினும் தீயது. பாதுகாப்பு இல்லாதவிடத்துப் பாதுகாப்பு உண்டென்ற நிம்மதியை அது தந்துவிடுகிறது.

இக்காலத்திலேயே பெனிசிலின் வழக்கிற்கு வந்தது. தொடக்கத்தில் அம்மருந்தை மூன்று மணிக்கொருமுறை இரவும் பகலும் ஊசியால் ஏற்ற வேண்டியிருந்தது. முன்னர் வைத்தியரின் கையிலிருந்த வேலை பெரும்பாலும் தாதியரின் கைக்கு வந்தது. நள்ளிரவில் மங்கலான விளக்கொளியில், அரைத்தூக்கத்திலிருக்கும் நோயாளியின் அருகே தனித்து நிற்கும் தாதியே நான்காங் கூற்றின் முழுப் பாரத்தையும் சுமக்கலானாள்.

அப்பாரம் தனிமனிதரை மட்டுமன்றி ஒரு நாட்டையே அழுத்தக்கூடியது என்பதற்கு எகிப்து சான்று. நைல் நதி பாயும் அந்நாட்டில், நீரிலுள்ள நத்தைகள் வழியாகப் பரவும் பில்காசியா என்னும் புழுநோய் உழவர்களைத் தொன்றுதொட்டு வாட்டிவந்தது. அதனை ஒழிக்கும் நன்னோக்குடன் 1950 ஆம் ஆண்டுகள் முதல் 1980 ஆம் ஆண்டுகள் வரை அந்திமனி சேர்ந்த மருந்து ஊசி வழியாகப் பெருந்திரளான மக்களுக்கு ஏற்றப்பட்டது. ஒருவருக்குப் பன்முறை ஊசி தேவை. குழல்களோ சில, மக்களோ பலர். ஒருவருக்குப் பயன்படுத்திய கண்ணாடிக் குழல் போதிய அளவு காய்ச்சப்படாமல் மற்றவருக்குச் சென்றது. குருதி வழியாகப் பரவும் ஈரல் அழற்சி ‘சி’ வைரசை அறிவியல் உலகம் இனங்கண்டது 1989 ஆம் ஆண்டில்தான். அதற்குள் எகிப்து அந்நோய் உலகிலேயே மிகுதியாகப் பரவிய நாடாகியிருந்தது. அவ்வூசித் திட்டமே இதற்குப் பெருங்காரணம் என்பதை 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டிற்று. ஒரு நோயைத் தீர்க்கப் புகுந்த கை மற்றொரு நோயை விதைத்துவிட்டது. எகிப்து சோர்ந்துவிடவில்லை. 2018 ஆம் ஆண்டு முதல் கோடிக்கணக்கான மக்களைப் பரிசோதித்து, நோயுற்றவர்களுக்கு வாய்வழி மருந்து வழங்கியது. 2023 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டையும் பெற்றது. எனினும் இடையில் ஈரல் சுருங்கி மாண்டவர்கள் மாண்டவர்களே.

மனிதக் கவனம் சோரும் என்பதை அறிந்த அறிஞர், கருவியையே காவலாளியாக்க முயன்றனர். நியூசிலாந்தின் மருந்துக் கலவையாளரும் விலங்கு வைத்தியருமான கொலின் மேடொக், ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பிளாஸ்டிக் குழலை 1956 ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதனையும் வறிய நாடுகளிற் சிலர் கழுவி மீண்டும் பயன்படுத்தினர். 2000 ஆம் ஆண்டில் மட்டும் தூய்மையற்ற ஊசிகளால் உலகில் 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு ஈரல் அழற்சி ‘பி’ வைரசும், 20 இலட்சம் பேருக்கு ‘சி’ வைரசும், 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எயிட்ஸ் வைரசும் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஒருமுறை அழுத்திய பின் தண்டு பூட்டிக்கொண்டு மீண்டும் அசையாத குழல்கள் பின்னர் வழக்கிற்கு வந்தன. தடுப்பூசித் திட்டங்களில் இவ்வகைக் குழலையே பயன்படுத்த வேண்டுமென 1999 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் பிறவும் கூட்டாக வலியுறுத்தின.

தண்டு பூட்டிக்கொள்ளும் குழல், கிருமி பரவுவதைத் தடுக்கும். ஆனால் அதனுள் நிரம்பியிருப்பது உரிய மருந்துதானா என்பதை அக்குழல் அறியாது. கட்டிலிற் படுத்திருப்பவர் உரிய நோயாளிதானா என்பதையும் அறியாது. இவ்விடத்தில்தான் தாதியரின் விதிகள் பொருள் பெறுகின்றன. உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய வேளை என்னும் ஐந்தையும் ஒவ்வொரு முறையும் ஒத்துப்பார்த்தல் வேண்டும். பெயரைச் சொல்லி, ஆமா என்று கேட்டல் ஆகாது. அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையசைப்பார். பெயரை அவர் வாயாற் சொல்லச் செய்தல் வேண்டும். மருந்துச் சிமிழின் பெயரையும் காலாவதித் திகதியையும் படித்தல் வேண்டும். வெடிப்பு, கலங்கல், நிறமாற்றம் உண்டோ என நோக்குதல் வேண்டும். தசையில் ஏற்ற வேண்டியதை நாளத்தில் ஏற்றினால் உயிருக்கே கேடு நேரலாம்.

குத்தும் இடமும் ஆராய்ந்து கொள்ளத்தக்கது. பிட்டத்தின் ஊடாகக் காலுக்குச் செல்லும் பெருநரம்பு ஒன்று உண்டு. இடம் பிசகி ஊசி அதனைத் தாக்கினால் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நொண்ட நேரிடும். ஆதலின் குழந்தைகளுக்குத் தொடையின் வெளிப்புறத் தசையே பெரிதும் தெரிந்தெடுக்கப்படுகிறது. சிலருக்கு மருந்து ஒவ்வாமையால் சில நிமிடங்களுள் மூச்சுத்திணறலும் மயக்கமும் ஏற்படக்கூடும். ஆகவே முன்பு ஒவ்வாமை உண்டோ என வினவுதலும், ஊசியின் பின் சிறிது நேரம் இருக்கச் செய்தலும், அட்ரினலின் மருந்தை ஆயத்தமாக வைத்திருத்தலும் கடமையாம். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி இடலாகாது. மூடியிட முனைகையிலேயே தாதியரின் விரலில் ஊசி பாய்கிறது. துளைபடாத பெட்டியில் அதனை உடனே இடுதல் வேண்டும். நோயாளியைக் காக்கும் கை தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும் அன்றோ?

இவ்விதிகள் சிலருக்கு வெறும் சடங்காகத் தோன்றலாம். ஆயிரம் முறை ஒத்துப்பார்த்தும் ஒரு பிழையும் காணாதவருக்கு ஆயிரத்தோராவது முறை சலிப்பு வருதல் இயல்பே. அச்சலிப்பு வரும் நேரமே ஆபத்தான நேரம். வைத்தியசாலை நிருவாகத்தினர்க்கும் இதில் பொறுப்புண்டு. இரு தாதியர் செய்யும் வேலையை ஒருவர்மேற் சுமத்திவிட்டு, பிழை நேர்ந்தபின் அவரை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்துதல் நீதியாகாது. பிழையை ஒளித்தால் உயிர் போகும் என்றும், உடனே உரைத்தால் உதவி கிடைக்கும் என்றும் தாதியர் நம்பும் நிலையை உண்டாக்குதல் மேலோர் கடன்.

நேயர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஊசி போட்டாற்றான் நோய் மாறும் என்று வைத்தியரை வற்புறுத்தும் பழக்கம் நம்மவரிடம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. வாயாற் கொள்ளும் மருந்து போதுமானவிடத்து ஊசி வேண்டியதில்லை. வேண்டாத ஊசி ஒவ்வொன்றும் வேண்டாத ஆபத்தாகும். ஊசி இன்றியமையாதபோது அஞ்சவும் வேண்டா. புதிய உறையைப் பிரித்து ஊசியை எடுப்பதைப் பார்க்கவும், இஃது என்ன மருந்து என்று பணிவோடு வினவவும் நோயாளிக்கு உரிமையுண்டு. நல்ல தாதி அவ்வினாவால் முகஞ்சுளிப்பதில்லை.

ஹாவ்கினின் பெயர் ஒரு நிலையத்தின் வாயிலில் நிலைபெற்றது. கீழே விழுந்த இடுக்கியை எறிந்துவிட்டு வேறொன்றைக் காய்ச்சி எடுத்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களாற் காக்கப்பட்டவர்களும் தாம் காக்கப்பட்டதை அறியார். ஏதும் நேராமற் கழியும் ஒவ்வோர் இரவும் அவர்களுடைய வெற்றியே. மருத்துவத்தின் நான்காங் கூறு எனத் திருவள்ளுவர் சுட்டிய பெருமை அவர்களுக்கே உரியது.